நீல அல்லியைக் குளிர்காலம் தாண்ட வைக்கச் செடி வேண்டாம், கிழங்கு போதும்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டொராண்டோவுக்குக் கிழக்கே வீடு. ஜூனில் நர்சரியில் வாங்கிய நீல அல்லி, டெக்கில் வைத்த பெரிய தொட்டியில் செப்டம்பர் முடியும் வரை பூத்துத் தள்ளியது. அக்டோபர் பிறந்ததும் இலைகள் மஞ்சளாகின்றன, புதிதாக வரும் இலைகள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டன. போன வருடம் இதே மாதிரி ஒரு செடியை வாளியோடு உள்ளே தூக்கிவந்து தெற்கு ஜன்னலில் வைத்தீர்கள், ஜனவரியில் அழுகி நாற்றமெடுத்தது. இந்த முறை எந்த விளக்கு வாங்கினால் பிழைக்கும், பிழைக்காது என்றால் யாழ்ப்பாணம் போகும்போது ஒரு கிழங்கு கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கைப் பற்றிக் கேட்டாலும் அடியில் இருக்கும் கேள்வி வேறு. இலையும் பூவுமாக நிற்கும் செடியை ஆறேழு மாதம் அப்படியே வைத்துக் காப்பாற்றத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. அதன் உயிர் இப்போது மண்ணுக்குள் ஒரு சின்னக் கிழங்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பத்திரமாக ஜூன் வரை கொண்டுபோனால் போதும், விளக்கு கடைசி இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் தேவைப்படும்.

நான் தோட்டக்கலை படித்தவன், ஒன்டாரியோவில் நீர்ச்செடி நர்சரி வேலையிலேயே பல வருடங்களைக் கழித்தவன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்வி இது. சொல்லப்போவதில் சில விஷயங்களில் வளர்ப்பவர்கள் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. சிலவற்றில் ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.

முதலில் செடி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஊர்க் கடைகளில் மூன்று வகையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். தாமரை என்றால் இலை தண்ணீருக்கு மேலே குடை மாதிரி எழுந்து நிற்கும். குளிர்தாங்கும் அல்லியின் இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும், பூ பெரும்பாலும் தண்ணீர் மேலேயே மிதக்கும், அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து போகும் தண்டுக்கிழங்கு இருக்கும். இந்த இரண்டுக்கும் கவலையே இல்லை, கிழங்கு உறையாத ஆழத்தில் குளத்து அடியில் இறக்கிவிட்டால் மேலே பனிக்கட்டி மூடினாலும் வசந்தத்தில் எழுந்துவிடும். வெப்பமண்டல அல்லியின் இலை விளிம்பு பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும், பூ தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காம்பில் நிற்கும், பகலில் பூப்பவற்றில் நல்ல மணமும் இருக்கும். உங்களுடையது நீலம் என்கிறீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் குளிர்தாங்கி ரகங்களில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு உண்டு, நீலம் அநேகமாக இல்லை. ஆகவே வெப்பமண்டல வகை என்றே வைத்துக்கொள்கிறேன். ரகத்தின் பெயரைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 1914இல் வந்த பனாமா பசிபிக், மிசூரி தாவரவியல் பூங்காவில் ஜார்ஜ் பிரிங் உருவாக்கி 1941இல் வெளியான டைரக்டர் ஜார்ஜ் டி. மூர், இன்னும் எத்தனையோ கலப்பினங்கள் எல்லாம் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே பக்கம் பக்கமாக நிற்பவை. தொட்டியில் வந்த பெயர்ச்சீட்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், ஏன் என்று பின்னால் வருகிறது.

இனி இந்தச் செடிக்குத் தூக்கம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நம் ஊர் ஏரிகளிலும் குளங்களிலும் சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி மண் வெடித்துவிடுகிறது. பறவைகள் போய்விடும், ஆம்பல் போகாது என்று சின்ன வகுப்பிலேயே படித்திருப்போம். அது எப்படி அங்கேயே கிடக்கிறது? இலை, காம்பு, வேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மாவுச்சத்தைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு அடிச்சேற்றில் காத்திருக்கிறது. மழை வந்து குளம் நிரம்பியதும் கிழங்கிலிருந்து ஒரு மெல்லிய தண்டு மேலே வந்து புதுச்செடியாகிறது. ஆக இந்த இனம் பழகியிருப்பது வறட்சிக்கான தூக்கம், அதுவும் வெதுவெதுப்பான மண்ணில். பனிக்காலத்துக்கான தூக்கம் அதற்குத் தெரியாது. அதனால்தான் டாலியா, கிளாடியோலஸ் கிழங்குக்குச் சொல்லும் குளிர் இதற்குக் கூடாது. அதனால்தான் பலரும் யோசிக்காமல் செய்கிற ஃபிரிட்ஜ் வைத்தியம் இதைக் கொல்கிறது. 4 டிகிரியில் கிழங்கு தூங்காது. உள்ளுக்குள் மெதுவாகக் கெட்டுப்போகும். வெளியே எடுக்கும்போது பார்க்க நன்றாகவே இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்ட ஒரு வாரத்தில் கூழாகிவிடும்.

உங்கள் ஜன்னல் செடிக்கு என்ன நடந்தது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் 9 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணத்தில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம் இருக்கும், சூரியனும் தலைக்கு மேல் ஓரளவு ஏறி வரும். இங்கே தாழ்வாக வந்து மேகத்துக்குள் போய்விடுகிறது. வாளித் தண்ணீர் பகலில் 20 டிகிரி இருந்தாலும், இரவில் கண்ணாடிப் பக்கத்துக் குளிரில் இன்னும் இறங்கிவிடும். அந்தச் சூட்டில் செடியால் வளரவும் முடியாது, முழுதாக அடங்கவும் முடியாது. இருக்கிற சத்தைச் செலவழித்துச் சின்னச் சின்ன இலை விடும், அவை அழுகும், அழுகல் நடுக்குருத்துக்கு இறங்கும். பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். சாதாரணமாகக் கடைகளில் விற்கும் மேசை விளக்கு ஒன்றைத் தலைமேல் தொங்கவிட்டிருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். இரண்டு வழிதான் உண்டு: ஒன்று முழுமையாகத் தூங்க விடுவது, இல்லாவிட்டால் முழுமையாக வளரவிடுவது. நடுவில் நிறுத்தினால் சாகும். இதில் வளர்ப்பவர்களிடையே கருத்து வேறுபாடே கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது. உரமாத்திரை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். உண்மையில் ஆகஸ்ட் கடைசியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும், சத்து குறையும்போதுதான் செடி கிழங்கு கட்டும் வேலையில் இறங்கும். இலை மஞ்சளாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கிழங்குக்கு நல்ல சேதி. அக்டோபர் இரண்டாம் வாரம் வரும் தேங்க்ஸ்கிவிங் வார இறுதி வரை வெளியிலேயே விடுங்கள். ஒன்றிரண்டு லேசான உறைபனி மேலிலைகளைக் கருக்கினாலும் பரவாயில்லை, தண்ணீர் இன்னும் உறையாததால் கீழே ஒன்றும் ஆகாது. ஆனால் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போய் நாள்கணக்கில் அங்கேயே நிற்க விடாதீர்கள். நவம்பர் வரை இழுத்தால் குருத்து அழுகி, அந்த அழுகல் கிழங்கைத் தொட்டுவிடும். ஒரு சாதாரண மீன்தொட்டித் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் போட்டுவைத்துக் காலையில் பாருங்கள். மதியத்தில் பார்த்தால் வெயில் ஏமாற்றும்.

எடுக்கும் நாளில் செடிச்சட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கி வடியவிட்டு, இலைகளையெல்லாம் காம்போடு வெட்டிவிடுங்கள். சட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை முழுசாக வெளியே எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக் கையால் மண்ணைக் கரையுங்கள். கத்தி, கரண்டி எதுவும் வேண்டாம், கிழங்கில் கீறல் விழுந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். நடுக்குருத்துக்கு நேர் கீழே கறுப்பும் பழுப்புமாக, கொஞ்சம் முடி முடியாக, நெல்லிக்காய் அளவில் ஒன்று இருக்கும். சில நேரம் அதைச் சுற்றிப் பாக்கு அளவில் இன்னும் இரண்டு மூன்று ஒட்டியிருக்கும். பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னதை எறிந்துவிடாதீர்கள். என் கைக்கு வந்தவற்றில் சின்னக் கிழங்குகளே அதிகம் பிழைத்தன, பெரிய பழைய கிழங்குகள் உள்ளே பஞ்சாகிப் போயிருப்பதுண்டு. முற்றிய கிழங்கு குருத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில் லேசாகத் திருகினாலே கழன்று வரும். வராவிட்டால் இழுக்காதீர்கள். இன்னும் முற்றவில்லை என்று அர்த்தம், மேலே அரை அங்குலக் குருத்தை விட்டு மற்றதை வெட்டிவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. மெத்தென்று உள்ளே போனால் அது வேண்டாம்.

கழுவின கிழங்கை வேரெல்லாம் கிள்ளிவிட்டு, நிழலில் செய்தித்தாள் மேல் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் காயவிடுங்கள். மேல்தோல் உலர்ந்தால் போதும். அதற்குமேல் விட்டால், இங்கே ஃபர்னஸ் போட்ட வீட்டுக் காற்று கிழங்கைச் சுருட்டிவிடும். சேமிப்பதற்கு முன் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பவர்கள் உண்டு, பூஞ்சைக்கொல்லிப் பொடி தூவுகிறவர்களும் உண்டு. இரண்டும் செய்யாமலே நன்றாக வைத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். சுத்தமாகக் கழுவுவதுதான் முக்கியம், மருந்து இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து.

அடுத்தது எதில் வைப்பது. நான் சொல்வது ஈரமான ஸ்பேக்னம் பாசி அல்லது அது மக்கிய பீட் மாஸ். கையில் பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது, ஆனால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், நன்றாகப் பிழிந்து உதறிய துணி மாதிரி. பீட் மாஸ் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் சுலபமாகப் பெருகாது. கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே பாசியை வைத்து ஒரு ஜிப் பையிலோ ஜாம் போத்தலிலோ மூடி, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஈர மணலும் சரிதான், கனம் அதிகம், ஈரம் மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் தங்கும். சிலர் பாசியே இல்லாமல், காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்பிய போத்தலுக்குள் கிழங்கைப் போட்டு இருட்டில் வைக்கிறார்கள், தண்ணீர் கலங்கினால் மாற்றுகிறார்கள். அதுவும் வேலை செய்கிறது. எது மேல் என்று வாக்குவாதம் நடக்கும், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வெப்பநிலையால் வருவதே அதிகம். ஆகவே எதில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது என்று பாருங்கள்.

வேண்டியது 10 முதல் 13 டிகிரி வரை, அதிகம் போனால் 15. இந்த ஊர் வீடுகளில் முன்வாசல் படிக்குக் கீழே பேஸ்மென்டோடு ஒட்டி ஒரு கோல்ட் ரூம் இருக்குமே, அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கும் அறை, அதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் இடம். நம்பிவிடாதீர்கள். காற்றுத்துளை திறந்திருந்தால் ஜனவரியில் வெளியே மைனஸ் 20 அடிக்கும்போது அந்த அறை 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும். ஃபிரிட்ஜுக்கும் அதற்கும் அப்புறம் வித்தியாசமில்லை. நவம்பரிலேயே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, குளிரான ஒரு வாரம் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் நல்ல இடம், சூடேற்றாத பேஸ்மென்ட் மூலையில் வெளிச்சுவரை ஒட்டித் தரையில், கார்ட்போர்டு பெட்டிக்குள். கராஜ் வேண்டவே வேண்டாம், உறைந்துவிடும். சமையலறை அலமாரியும் வேண்டாம். 20 டிகிரிக்கு மேலே கிழங்கு டிசம்பரிலேயே முளைத்துவிடும், முளைத்ததை ஜூன் வரை வைத்திருப்பது இரண்டு மடங்கு வேலை.

மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பைக்குள் நீர்த்துளி நிறையக் கோத்திருந்தால் ஒரு மணி நேரம் திறந்துவைத்து மூடுங்கள். பாசி உதிர் உதிராகக் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். கிழங்கின் மேலே வெள்ளைப் பூஞ்சை மட்டும் படர்ந்து உள்ளே கெட்டியாக இருந்தால் கழுவிவிட்டுப் புதுப் பாசியில் வைத்தால் போதும். கூழாகி நாறினால் எறிந்துவிட்டுப் பையில் மிச்சமிருப்பதைக் கழுவி வேறு பையில் மாற்றுங்கள். தண்ணீரில் போட்டால் மூழ்குவது நல்லது, மிதப்பது கெட்டது என்று ஒரு சோதனை சொல்வார்கள். பாதிதான் சரி. கூழானது மிதக்கும், ஆனால் கொஞ்சம் உலர்ந்த நல்ல கிழங்கும் சில நாள் மிதந்துவிட்டு அப்புறம் தண்ணீர் குடித்து மூழ்கும், முளைக்கவும் செய்யும். எறிவதா வேண்டாமா என்பதைக் கைவிரலையும் மூக்கையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தோண்டிப் பார்த்துவிட்டுக் கிழங்கே இல்லை என்று நீங்கள் கவலைப்பட வாய்ப்பு உண்டு. பெரிய சட்டியில் உரமெல்லாம் போட்டு வசதியாக வளர்ந்த பகல் பூக்கும் அல்லி சில வருடம் கிழங்கு கட்டாது, அல்லது சரியாக முற்றாது. இரவில் பூக்கும் சிவப்பு, வெள்ளை வகைகள் இந்த விஷயத்தில் தாராளம், அவை எளிதாகக் கிழங்கு விடும். கிழங்கு இல்லாவிட்டால் இரண்டாவது வழி, முழுமையாக வளரவிடுவது. அதற்குத்தான் நீங்கள் கேட்ட விளக்கு. 10 சென்டிமீட்டர் சின்னச் சட்டியில் செடியை மாற்றி, பெரிய இலைகளைக் கழித்துவிட்டு, ஒரு மீன்தொட்டியில் இறக்குங்கள். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டரை 25 டிகிரியில் வையுங்கள். செடி வளர்க்கும் வெள்ளை எல்இடி விளக்கைத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண், அதிகம் போனால் ஒன்றரைச் சாண் உயரத்தில் கட்டி, டைமரில் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். பூ வருமென்று எதிர்பார்க்க வேண்டாம், உயிரோடு பச்சையாக இருந்தாலே வெற்றி. அசுவினி பிடிக்கும், வாரம் ஒருமுறை இலையைத் தண்ணீருக்குள் அமுக்கித் தேய்த்துவிடுங்கள். தொட்டியில் சின்ன வெப்பமண்டல மீன் விடலாம், தங்கமீன் வேண்டாம், மண்ணைக் கிளறிச் சட்டியையே காலி செய்யும். மின்சாரக் கட்டணம் கிழங்கு வழியைவிடக் கூடவே வரும். அதனால் இதை எல்லாருக்கும் நான் முதல் வழியாகச் சொல்வதில்லை.

பெயர்ச்சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னேனே, அதற்குக் காரணம் இங்கே. டாபன், பனாமா பசிபிக், டீனா, ஆகஸ்ட் கோக் மாதிரி சில ரகங்களில் இலையும் காம்பும் சேரும் இடத்தில், இலையின் நட்டநடுவில், ஒரு குட்டிச்செடி முளைக்கும். ஆப்பிரிக்காவின் நிம்பேயா மைக்ரான்தா என்ற இனத்துக்கு இந்தக் குணம் உண்டு, டாபன் அதன் நேரடிக் கலப்பினம். உங்கள் செடியின் பழைய இலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடுவில் முடிச்சும் அதிலிருந்து துளி இலைகளும் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த இலையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி, குட்டிச்செடியின் அடி மண்ணைத் தொடுமாறு ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து மேலே கொஞ்சம் தண்ணீர் நிறுத்தி, ஹீட்டரும் விளக்கும் உள்ள தொட்டியில் இறக்கினால் வேர் பிடித்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் செடிக்கு உள்ளங்கை அளவு வெளிச்சம் போதும். கிழங்கையும் வைத்து இதையும் வைத்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தப்பும்.

சரி, வசந்தம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நான் பார்த்த வரையில் குளிர்காலம் முழுக்க நன்றாகத் தாண்டிய கிழங்குகளும் மே மாதத்தில்தான் போகின்றன. மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் கிழங்கை எடுத்துக் கழுவி, 25 முதல் 27 டிகிரி தண்ணீரில், இரண்டு விரல் மணலுக்கு மேலே சும்மா வையுங்கள். புதைக்க வேண்டாம், முளைக்கும் கண் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் படுக்கப் போடுங்கள். மேலே விளக்கு. சில கிழங்கு ஒரு வாரத்தில் முளைக்கும், சில ஒரு மாதம் எடுக்கும், கெட்டியாக இருக்கும்வரை நம்பிக்கையை விடாதீர்கள். முதலில் நூல் மாதிரி ஒரு தண்டு வரும், அதன் நுனியில் அம்புமுனை வடிவில் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் இலைகள் விரியும், அவற்றுக்குக் கீழே வெள்ளை வேர். மூன்று நான்கு இலையும் ஒரு விரல் நீள வேரும் வந்ததும் அந்தக் குட்டிச்செடியைக் கிழங்கிலிருந்து நகத்தால் கிள்ளிப் பிரித்து நடுங்கள். கிழங்கோடு சேர்த்தே நட்டால் செடி குட்டியாகவே நின்றுவிடுவது அதிகம். கிழங்கைத் திரும்பவும் தண்ணீரில் போடுங்கள், பெரும்பாலும் இன்னொன்று விடும். ஒரு கிழங்கிலிருந்து இரண்டு மூன்று செடி எடுப்பது சாதாரணம், அதில் ஒன்றை அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவையுங்கள், உங்களுடையது போனாலும் ரகம் ஊரில் இருக்கும்.

நடுவதற்குப் பையில் விற்கும் பாட்டிங் மண் வேண்டாம், அதிலிருக்கும் மரப்பட்டைத் துண்டுகளும் பெர்லைட் என்ற வெள்ளைக் குருணையும் மிதந்து தண்ணீரை நாசமாக்கும். தோட்டத்துக் களிமண் கலந்த கனமான மண் போதும், மேலே ஒரு விரல் மணல். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மிதக்கும் இலை வந்ததும் 10 சென்டிமீட்டர் சட்டியிலிருந்து கொஞ்சம் பெரிய சட்டிக்கு மாற்றலாம், உரமாத்திரையையும் அப்போதுதான் தொடங்க வேண்டும்.

மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே வார இறுதியில் இந்த ஊரே தோட்டத்தில் இறங்கும், தக்காளி, மிளகாய் நாற்றெல்லாம் வெளியே போகும். உங்கள் கையும் அரிக்கும். அல்லியை அன்று வெளியே வைக்காதீர்கள். காற்று 25 டிகிரி இருந்தாலும் தொட்டித் தண்ணீர் இரவில் 14, 15க்கு இறங்கும். அந்தக் குளிரில் இளஞ்செடி, வறட்சி வந்துவிட்டது என்பதுபோல இலையை நிறுத்திவிட்டுத் திரும்பவும் கிழங்கு கட்டப் போய்விடும். சாகாவிட்டாலும் ஜூலை பாதி வரை அசையாது. காலையில் பார்க்கும்போது தண்ணீர் தொடர்ந்து ஒரு வாரம் 21 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டொராண்டோவில் அது பெரும்பாலும் ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், குளிரான வருடத்தில் இன்னும் தள்ளிப்போகும். இது எல்லாரும் ஒத்துக்கொள்ளும் எண். டெக்கில் தொட்டி கறுப்பாக இருந்தால் சீக்கிரம் சூடாகும். முதலில் குருத்துக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் இருக்கும்படி செங்கல் மேல் வையுங்கள், இலை பெருக்கப் பெருக்க இறக்கலாம். வீட்டுக்குள் வளர்ந்த இலைகள் முதல் வெயிலில் கருகும், அடுத்து வருபவை தாங்கும். இப்படி வைத்த செடி ஜூலைக் கடைசியில் மொட்டு விட்டுவிடும்.

அடுத்த வருடத்துக்கு ஒரு ஏற்பாடு. குட்டிச்செடிகளில் ஒன்றைப் பெரிய சட்டிக்கு மாற்றாமல் 10 சென்டிமீட்டர் சட்டியிலேயே உரம் போடாமல் தொட்டியின் ஓரத்தில் விட்டுவிடுங்கள். வேர் நெருக்கி, சத்து குறைந்து, அது அழகான சின்னக் கிழங்கைக் கட்டும். பூ அதில் கிடைக்காது, ஆனால் அக்டோபரில் பெரிய செடியில் கிழங்கு இருக்கிறதா இல்லையா என்று மண்ணைக் கரைத்துத் தேடும் பதற்றம் இருக்காது. கிழங்கை விற்பனைக்கு வளர்க்கிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிழங்கு கொண்டுவருவது பற்றி. ஆசை புரிகிறது, ஆனால் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. நடுவதற்கான செடி, கிழங்கு எதுவானாலும் கனடிய உணவு ஆய்வு முகமையின் இறக்குமதி அனுமதியும் இலங்கையிலிருந்து தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், மண் ஒட்டியிருந்தால் கட்டாயம் பிடுங்கிவிடுவார்கள். அதோடு, அங்கே குளங்களிலும் கடைகளிலும் நீல அல்லி என்று காணும் ஊதாப் பூக்களில் பல, இலங்கையின் தேசியப் பூவான நிம்பேயா நௌசாலி அல்ல, வெளியிலிருந்து வந்த கலப்பினம் என்று இலங்கைத் தாவரவியலாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஆகவே அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தாலும் கையில் இருப்பது ஊர்ச் செடிதானா என்பது நிச்சயமில்லை. உங்கள் தொட்டியில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுங்கள். வரும் சனி, ஞாயிறில் தண்ணீர் சூட்டைப் பாருங்கள், 12, 13க்கு வந்துவிட்டதென்றால் மண்ணைக் கரைக்கும் நேரம் வந்துவிட்டது.